தென்காசி மாப்பிள்ளையின் புயல் முன்னேற்பாடு

தண்ணீரைப் பற்றிக் குற்றாலத்துப் பக்கத்து ஆளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர், கல்யாணமான புதிதில் எனக்கு நிறையவே இருந்தது. (இப்போது இல்லை. கடல் வந்து கழுவிவிட்டது.)

மாமனார் வீடு தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய தெரு. கீழே காரை வீடு, மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. கொழுந்தியாளின் கல்யாண வேலைக்காக நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது புயல் எச்சரிக்கை வந்தது. கடல் ஊருக்குள் வரலாம், பள்ளிக்கூட முகாமுக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

"மாப்ள, நாங்க முன்னால போறோம். வீட்டப் பூட்டிட்டு வந்துருங்க," என்றார் மாமியார்.

பூட்டுமுன் மாடியை எட்டிப் பார்த்தேன். முகூர்த்தப் பட்டு, மெத்தை, மிக்ஸி, கிரைண்டர் என மொத்தச் சீரும் அந்த ஷீட்டுக்கு அடியில்! எப்போதும் அங்கேதான் வைப்பார்கள் போல என்று நினைத்தேன். விவரமில்லாத ஜனங்கள்!

எங்கள் ஊரில் தண்ணீர் மேலிருந்துதான் விழும். ஆடிக் காற்றில் பறந்த எங்கள் ஷீட்டை மேலகரம் வயலிலிருந்து நானே தூக்கி வந்திருக்கிறேன். எனவே மொத்தத்தையும் கீழே இறக்கினேன். கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு படிப்படியாக உட்கார்ந்தே இறங்கினேன். பட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாகத் தள்ளினேன்.

முகாமில் உப்புமா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "கவலப்படாதிய அத்த. சாமான் பூராத்தையும் கீழ எறக்கி வச்சிட்டேன்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

மாமியார் உப்புமாத் தட்டைக் கீழே வைத்தார். "காலைல நீங்க தூங்கும்போது, நானும் மாமாவும் இடுப்பொடிய மேல ஏத்துனோமே மாப்ள!"

மாமனார் வாசலுக்கு ஓடினார். எங்கள் தெருவில் அதற்குள் முழங்காலளவு கடலாம். போலீஸ் யாரையும் வெளியே விடவில்லை.

"ஏங்க, கடலு என்ன ஐந்தருவியா, மேல இருந்து கொட்டுததுக்கு?" என்றாள் என் மனைவி.

மறுநாள் போனோம். முகூர்த்தப் பட்டு உப்புத் தண்ணீரில் சாயம் கக்கிக் கிடந்தது. மிக்ஸிக்குள் ஒரு நண்டு. மாடியில் ஒரு ஷீட்கூட அசையவில்லை; நான் இறக்காமல் விட்ட விளக்குமாறு மட்டும் ஈரம் படாமல் சாய்ந்திருந்தது. கொழுந்தியாள் அழுத அழுகையில் எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் என் மனைவியின் முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணவறை ஏறினாள்.

இப்போதெல்லாம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னால் போதும், மாமியார் வீட்டில் முன்னேற்பாடு தொடங்கிவிடும். டார்ச், மெழுகுவர்த்தி எல்லாம் அப்புறம்தான். முதலில் என் மனைவிக்குப் போன் வரும்.

"ஏட்டி, மாப்ள அங்கனதான இருக்காவ? கதவப் பூட்டிச் சாவிய நீ வச்சுக்க."