முட்டிவலி மாத்திரையும் உருண்ட முகமும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மருந்துக்கடை நன்றாக நடக்கட்டும். ஆனால் அங்கிருந்து உன் அக்காவுக்கு இனி ஒரு மாத்திரைகூட வரக் கூடாது. நீயும் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஏன் என்று கேள்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு ரத்தம் கொதிப்பதும் உறைவதும் ஒரே தெருவில் நடக்கும். போன மாதம் ஒரு வங்கி மேலாளர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, காரை முடிதிருத்தும் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "சார், பார்க்கிங் சரியா?" என்று கேட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. போனில் தேடினால், பதற்றத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுமாம். அது உடம்பில் அளவுக்கு மிஞ்சினால் முகம் சிவந்து உருண்டுவிடும், வயிறு பெருக்கும், கைகால் மெலியும், பிடரிக்குக் கீழே சதை திரளும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும், வயிற்றில் ஊதாக் கோடுகள் விழும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் என்று போட்டிருந்தது. கண்ணாடி முன்னால் நின்றேன். வயிறு இருந்தது. போதாதா? ஒரு நாள் ஊதாக் கோடும் தெரிந்தது. அது புதுக் கால்சட்டையின் சாயம், குளித்ததும் போய்விட்டது. தையல் நாடாவை எடுத்துத் தினமும் முகத்தை அளந்தேன். உன் அக்கா தையல் மிஷினை நிறுத்தி, மேசையைப் பிடித்து எழுந்து வந்து நாடாவைப் பிடுங்குவாள். "உருண்டை மூஞ்சி உங்கப்பா குடுத்தது. ஹார்மோன் மேல ஏன் பழி போடறீங்க?" என்பாள்.

விடுவேனா? அவளையும் துணைக்கு இழுத்துக்கொண்டு டாக்டர் அம்மாவிடம் போனேன். நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போகிறேன், அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"நீங்க கொஞ்சம் எழுந்திருங்கம்மா. கையை ஊன்றாம."

உன் அக்கா முயன்றாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடியும் முயன்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. கன்றிப்போன முன்கை, சிவந்து உருண்ட முகம், பிடரிச் சதை... நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனையும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"முட்டிவலிக்குத் தம்பி அனுப்பற வெள்ளை மாத்திரை. போட்டா வலி பறந்துடும் டாக்டர்."

"அதுல ஸ்டீராய்டு இருக்கும்னு சந்தேகப்படறேன். கார்டிசால் செய்யற வேலையத்தான் அதுவும் செய்யும்."

"இப்பவே போய்க் குப்பையில போட்டுடறேன்!" என்று எழுந்தேன்.

"உக்காருங்க! திடீர்னு நிறுத்தினா ஆபத்து. உடம்பு தானா சுரக்கறதையே மறந்திருக்கும். டெஸ்ட் பண்ணிட்டு, நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வெறும் தொப்பை சார். நடங்க."

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். மாத்திரை டப்பா இனி என் பொறுப்பு. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க நான்தான் கூட்டிப் போவேன். டாக்டர் சொன்னதற்கு மேலே ஒரு துணுக்குக்கூட அவள் வாய்க்குள் போகாது. எழுந்திருக்கும்போது கை கொடுக்க நான் இருக்கிறேன். "அவன் நல்லதுக்குத்தானே அனுப்பினான், பாவம்" என்று உனக்காக வாதாடுகிறாள். நல்லதுக்குத்தான் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த அளவோடு விட்டேன். நீ வராதே. போனும் செய்யாதே. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இப்போதைக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: டாக்டர் அம்மா இப்போதுதான் கூப்பிட்டார். நீ அட்டையில்லாமல் பொட்டலம் கட்டி அனுப்பிய மாத்திரையில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல் குறைக்க முடியாதாம். அது உலகத்திலேயே உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் படம் பிடித்து அனுப்புகிறேன். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு உடனே போன் செய், அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்து வா. உன் அக்கா உனக்குத் தலையணை உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் வாசலில் நின்று முறைப்பேன். கண்டுகொள்ளாமல் உள்ளே வந்துவிடு.