மாம்பழக் கூழுக்கு வந்த தோஷம்

சித்தூர்
14.6.2003

அன்புத் தம்பி சிரஞ்சீவிக்கு, அக்கா தாட்சாயணி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். பெங்களூரில் நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்ற தைரியத்தில் உன்னைத் திட்ட ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் நீ கொடுத்த ஜாதக சிடியை எங்கள் மாம்பழக் கூழ் ஃபேக்டரி கம்ப்யூட்டரில் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. நாற்காலிக்கு வீட்டுத் தலையணையைக் கொண்டுபோகிறேனே, அதற்கு யாரைக் கேட்டேன்? ஒரே வாரத்தில் டிரம்முக்கு லேபிள் அடிக்கிற என் மேசை ஜோசியர் வீட்டு வாசலாகிவிட்டது. ஸ்டோர் கீப்பர் கங்கையா, "எம் புள்ளைக்கு ஒண்ணு பாரும்மா, பொண்ணு அமையாம கீறான்" என்று தினமும் வந்து நின்றார். செவ்வாய்க்கிழமை அவருக்காகப் பிரிண்ட் கொடுத்தேன், பிரிண்டரில் தாள் இல்லை, அப்படியே மறந்துபோனேன். மறுநாள் காலை லேபிள் ஸ்டிக்கரை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், முதலில் வந்தது தாளுக்குக் காத்திருந்த அந்த ஜாதகம், இருபது பக்கம். லோடு ஆட்கள் படித்தா பார்ப்பார்கள்? இருபது டிரம்மில் ஒட்டி, ஏற்றுமதி லாரியும் கிளம்பிவிட்டது.

நகரி செக்போஸ்டில் ஒருவர் படித்துவிட்டு, லாரியை நிறுத்தி ஃபேக்டரிக்குப் போன் போட்டார். மேனேஜர் சிட்டிபாபு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம டிரம்முக்கு ரெண்டாம் தார யோகம் கீதாம். யாரக் கேட்டு இந்த சிடிய போட்ட?"

தலையணைக் கதையைச் சொன்னேன்.

"தலகாணி நீ உக்காந்தா நசுங்கும். இது என்னை நசுக்குது. சரக்கு திரும்பி வந்தா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

லேபிளில் ஜாதகம் வந்தது மட்டும் வைரஸால் என்று சொல்லித் தப்பிக்க நாக்கு துடித்தது. ஆனால் வாசலில் கங்கையா வெளிறிப்போய் நின்றார். "நான்தான் சார் பிரிண்ட் கொடுத்தேன்" என்றேன். மூவரும் ஜீப்பில் நகரிக்கு ஓடி, வெயிலில் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாய் உரித்தோம். கங்கையா மட்டும் படித்துப் படித்து உரித்தார். "எட்டாம் டிரம்ம பாரும்மா, பையனுக்கு வாகன யோகம் கீது." நான்கு மணிக்குச் சரியான லேபிளோடு லாரி போனது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரும் சொந்த சிடி போடக்கூடாது என்று சர்க்குலர். முதல் கையெழுத்து என்னுடையது. மேனேஜர் சொல்வதுதான் நியாயம். இனிமேல் எனக்கு எந்த சிடியும் அனுப்பாதே.

ஜலதோஷம் தவிர வேறெந்த தோஷமும் உன்னை அண்டாதிருக்கட்டும்.

உன் அக்கா
தாட்சாயணி

பி.கு: கம்ப்யூட்டரிலிருந்து ஜாதக புரோகிராமை அழிக்கச் சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார். அழிப்பதற்கு முன் தன் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தார். ஆவணியில் கல்யாணம் என்று வந்தது. ஆவணி முடியட்டும், அப்புறம் அழிக்கலாம் என்கிறார். மேனேஜர் தன் மச்சினியின் ஜாதகத்தை எடுத்துவர வீட்டுக்குப் போயிருக்கிறார்.