சத்தம் வராமல் ஒரு குழி

பேட்டரியில் பதினெட்டு சதவீதம்தான் மிச்சம். குழியோ பாதிதான் ஆகியிருந்தது. வேல்ராஜின் டீ மட்டும் முழுசாக முடிந்திருந்தது.

“மிஷினை அணைச்சிட்டுத்தானே டீ குடிக்கப் போனே?” என்றாள் ராபியா.

“சத்தமே இல்லையேக்கா. அணைஞ்சுதான் கெடக்குன்னு நெனச்சுட்டேன்.”

இத்தனை வருஷமும் டீசல் பொக்லைன் ஓட்டியவன். அது உறுமினால்தான் ஓடுகிறது என்று அர்த்தம் அவனுக்கு. இந்தக் குட்டி பேட்டரி பொக்லைனோ, டிரைவர் டீக்கடையில் அரசியலைத் தீர்த்துவைக்கும் வரை, உள்ளே பம்பைச் சுற்றவிட்டபடி பூனை மாதிரி நின்றிருக்கிறது.

மும்பை தாராவியில் மிஷின்களை வாடகைக்கு விடும் கடை ராபியாவுக்கும் அவள் ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணன் மன்சூர் அலிக்கும் பொது. அண்ணன் டீசல் கட்சி. சோதித்துப் பார்க்கச் சொல்லி ஷோரூம்காரன் விட்டுப்போன பேட்டரி பொக்லைனைப் பார்த்ததும், “இது பிள்ளைங்க வெளையாட்டுச் சாமான்லா?” என்று சிரித்தார். ராபியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் பேரம் இப்படி முடிந்தது:

“செம்பூர் வேலைய ஒரு சொட்டு டீசல் இல்லாம பொழுதடைஞ்சு மக்ரிப் பாங்கு சொல்லுறதுக்குள்ள முடிச்சுக் காட்டு. மிஷின் நம்ம கடையில நிக்கும், சைட் பூரா நீயே பாத்துக்கோ. முடியலேன்னா அது ஷோரூமுக்கு, நீ பில்லு போடுற நாற்காலிக்கு.”

பில் போடும் நாற்காலி என்றாலே ராபியாவுக்கு முதுகு வலிக்கும்.

வேலையைக் கொடுத்தவர் செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரட்டரி விஜயலட்சுமி. மழையில் விழுந்த காம்பவுண்ட் சுவருக்குப் புது அஸ்திவாரம். சுண்ணாம்புப் பொடியால் அவரே கோடு கிழித்துக் கொடுத்திருந்தார். சுவர் இருந்த இடத்தில் மறைப்புக்கு வைத்த தகர ஷீட்டுகளையும், “உங்களுக்கு எடம் வேணுமேம்மா” என்று முந்தின நாளே பக்கத்துக் கட்டடத்துப் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார். அத்தனை கரிசனம். நிபந்தனை ஒன்றே ஒன்று.

“சத்தம் வரப்படாது. இன்னிக்கே முடியணும். நாளைக்குன்னா வேண்டவே வேண்டாம்.”

சத்தம் வரக்கூடாது என்று கேட்கும் கஸ்டமர் பேட்டரி மிஷினுக்கென்றே பிறந்தவர் அல்லவா? ராபியா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

இப்போது அந்தத் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. பம்ப் ரூமில் ஒரு தடித்த பிளக் பாயின்ட் இருந்தது. வயரைச் செருகினாள். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த நொடி கட்டடத்தில் மற்ற விளக்கெல்லாம் அணைந்தது.

போன் அடித்தது. விஜயலட்சுமிதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ராபியா… நான் லிஃப்ட்ல மாட்டிண்டிருக்கேன்.”

“அய்யோ மேடம்! சத்தமா சொல்லுங்க, எந்த மாடி?”

“சத்தமால்லாம் சொல்ல முடியாது. மெதுவா வந்து தொறங்கோ.”

லிஃப்டில் மாட்டிக்கொண்டும் கிசுகிசுக்கிற பெண்மணியை ராபியா அன்றுதான் பார்த்தாள். ஃப்யூஸ் போட்டு அவரை வெளியே எடுத்ததும், பம்ப் ரூமுக்குப் பூட்டு விழுந்தது.

தன் தப்பைத் தானே சரிசெய்யக் கிளம்பினான் வேல்ராஜ். யாரிடமும் சொல்லாமல் பந்தல்காரனிடமிருந்து ஒரு டீசல் ஜெனரேட்டரைக் கைவண்டியில் தள்ளிவந்து, ராபியா பார்ப்பதற்குள் கயிற்றை இழுத்தும்விட்டான். அது இருமியது, கரும்புகை துப்பியது, பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. ஜன்னல்கள் திறந்தன. விஜயலட்சுமி மாடிப்படியில் ஓடிவந்து, வாயைத் திறக்காமல் இரண்டு கையாலும், “அணை, அணை” என்று காற்றைத் தட்டினார்.

ராபியா பாய்ந்து அணைத்தாள்.

“அடே, டீசலைத் தொட்டா நான் தோத்தேன்னு அர்த்தம்டா!”

“மிஷின் தானேக்கா தொடக் கூடாது? கரண்ட் எங்கேர்ந்து வந்தா என்ன?”

இதற்குள் போன். தெருமுனையில் தன் டீசல் பொக்லைனை டெம்போவில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு, மன்சூர் அலி வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்.

“என்னளா, உன் கரண்ட் மிஷினு டீசல் பால் குடிக்குதாமே? நான் வரட்டா?”

“அங்கேயே நில்லுங்க காக்கா. இன்னொரு வடாபாவ் வாங்கிக்கிடுங்க. நேரம் ஆகும்.”

ஜெனரேட்டரின் சத்தத்தில் தகர ஷீட்டுக்கு அப்பாலும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ராபியா தெரு வழியாகச் சுற்றிப்போய் மன்னிப்புக் கேட்டாள். தரைத்தளத்து ஜன்னலுக்குள்ளே காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சிங்கராயர் என்றொரு பெரியவர்.

“தூங்கிட்டுக் கெடந்தவனை எழுப்பிட்டியே மக்கா. எங்க பில்டிங்கே நெருளுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு, நாளைக்குத்தான் வரும். நான்தான் காலை ஒடைச்சுக்கிட்டு ஒத்தையில கெடக்கேன்.”

“எனக்கும் ஒத்தையிலதான் அங்கிள் போராட்டம். உங்க வாஷிங் மெஷின் பிளக்கைக் கொஞ்சம் குடுப்பீங்களா?”

கடைக்காரப் பெண்ணுக்குக் கேட்க வெட்கம் ஏது? சிங்கராயரும் பேச்சுத்துணைக்குத் தவித்துக் கிடந்தவர்.

“எதுக்கு?”

“பேட்டரி பொக்லைனுக்கு. அந்தப் பக்கம் வேலை ஓடுது.”

“ஓடுதா? ஒரு சத்தமும் கேக்கலையே!”

“அதான் அங்கிள் அதோட விசேஷம்!” ராபியாவின் முகம் மலர்ந்தது. புகை கிடையாது, அதிர்வு கிடையாது, பச்சைப்பிள்ளை தூங்கும் வீட்டு வாசலிலும் தோண்டலாம் என்று ஷோரூம்காரனையே மிஞ்சிப் பேசினாள். அவர் கேட்கக் கேட்க வயர் ஜன்னல் வழியாக இறங்கித் தகர ஷீட்டுக்கு அடியில் போய்விட்டது.

வீட்டு பிளக்கில் அந்த மிஷின் பாலாடையில் குடிக்கிற குழந்தை மாதிரிதான் குடிக்கும். சும்மா நின்றால் ஆகாது. ராபியா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

“எடுடா மண்வெட்டிய. இளகின மண்ணை நாம அள்ளுவோம். கல்லுக்கு மட்டும் மிஷின்.”

அப்படியே நடந்தது. மிஷின் குடித்தது, இவர்கள் அள்ளினார்கள். மிஷின் கல்லைப் பெயர்த்தது, இவர்கள் மூச்சு வாங்கினார்கள். கையில் கொப்புளம் வந்தது. வேல்ராஜுக்கு அழுகை வந்தது. ராபியாவுக்கு அண்ணனின் சிரிப்பு காதில் கேட்டது, அது போதும்.

விஜயலட்சுமி வயரைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா… கரண்ட் எங்கேர்ந்து வரது?”

“பக்கத்து பில்டிங்லேர்ந்து மேடம்.”

செக்ரட்டரி அங்கேயே ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அவாகிட்டயா போய்க் கேட்டே? அங்க யாரும் இல்லையே!”

“ஒருத்தர் இருக்கார். தங்கமான மனுஷன்.”

“போச்சு! மானமே போச்சு!”

பிளக் கேட்டதற்கா இத்தனை கௌரவம் என்று நினைத்தபடி ராபியா கடைசிக் கல்லுக்கு வேல்ராஜை ஏற்றினாள். கல் பெயர்ந்தது. சுண்ணாம்புக் கோடு பிசகாமல் குழி இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கிடந்தது. பேட்டரி ஒரு சதவீதத்தில் கண்ணைச் சிமிட்டியது. அதே நேரம் மக்ரிப் பாங்கு ஒலித்தது.

மன்சூர் அலி வந்தார். குழியைப் பார்த்தார், தங்கையின் உள்ளங்கையைப் பார்த்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சரி சரி. மிஷின் கடையிலேயே நிக்கட்டும். நாளையிலேர்ந்து சைட்டுக்கு நீ போ. நான் பில்லு போடுதேன்.”

ராபியா பதில் சொல்லுமுன் தகர ஷீட் ஒன்று நகர்ந்தது. ஊன்றுகோலோடு சிங்கராயர். விஜயலட்சுமி உட்கார்ந்திருந்த செங்கல் அடுக்கு இப்போது காலியாக இருந்தது.

சிங்கராயர் குழியின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். தம் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார்.

“எப்படி அங்கிள் நம்ம வேலை?” என்றாள் ராபியா பெருமையாக.

“ஒரு குறை சொல்ல முடியாது மக்கா. தோண்டினது பூராவும் எங்க பில்டிங் நெலம். காலைல இதே மிஷினோட வந்து சத்தமில்லாம மூடிரு, கரண்டை மட்டும் இந்தத் தடவை உங்க செக்ரட்டரி வீட்டுல எடுத்துக்க.”