பதினோரு மில்லிமீட்டர்

கிட்னிக் கல் ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட வீட்டு ஆள் வேண்டும் என்றார்கள். நேசக்குமார், துறைமுகத்தில் கூட வேலை பார்க்கும் செல்லப்பாண்டியை அழைத்துப்போய்த் தம்பி என்று எழுதச் சொன்னார்.

"என் நெத்தியில திருநீறு. உங்க கையில பைபிள். எந்த நர்சு நம்புவா, அண்ணாச்சி?"

"போடுலே. சின்னம்மா மகன்னு சொல்லிக்கிடலாம்."

நர்ஸ் ஜெபகனி ஒன்றும் கேட்காமல் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் மனைவி ஜீவமணி டீச்சர். ஊசியைக் கண்டாலே ஓடுகிறவரிடம், ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வருடம் வாதாடிப் பார்த்தாள். அவர் வாழைத்தண்டுச் சாறே போதும் என்றார். வாதாடுவதை விட்டுவிட்டு, கத்தி படாமல் கல் போக வேண்டும் என்று முப்பது நாள் உபவாச ஜெபம் தொடங்கினாள். மதியச் சாப்பாடு கிடையாது. சாயங்காலமானால் சபைப் பெண்கள் பன்னிரண்டு பேர் அவரை நடுவீட்டில் உட்காரவைத்துத் தலையில் கை வைப்பார்கள். ஆண்டவர் இடம் மாறிப் போய்விடக் கூடாதென்று, இடது கிட்னி, கீழ்ப்பக்கம், பதினோரு மில்லிமீட்டர் என்று விலாசத்தோடு ஜெபிப்பார்கள். சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். சீலா மீன் கொண்டுவருகிறவள்கூட, மில்லிமீட்டர் குறைந்ததா என்று கேட்டாள். இருபதாம் நாள் வெட்கம் பயத்தை ஜெயித்துவிட்டது.

ஆனால் தனக்காகப் பட்டினி கிடக்கிறவளிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஆத்தூரில் நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லை லேசரில் உடைத்து எடுத்தார்கள். உள்ளே ஒரு குழாய் வைத்திருப்பதாகவும், மூன்று வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், ஏன் கோணி நடக்கிறீர்கள் என்று ஜீவமணி கேட்டாள்.

"ஏளா, ஆத்தூர்ல வச்சுக் கல்லு தானாப் போயிட்டு."

அவள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் சபையில் எழுந்து, ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, அவருக்குக் கல் போய்விட்டது என்றாள். மறுநாளே மாப்பிள்ளையூரணியிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பெண்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியையும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி ஜெபித்து அனுப்பினாள்.

மாதா கோயில்காரி பிலோமினாவும் வந்தபோதுதான் நேசக்குமார் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். அவளுடைய கல் சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. தன் பொய்யை நம்பி அவள் வைத்தியம் பார்க்காமல் இருந்து, ஏதாவது ஆகிவிட்டால்?

"அந்தப் பொம்பளைகளை டாக்டர்கிட்டப் போகச் சொல்லேன்," என்றார்.

"உங்களுக்கே போயிருக்கு. பிறகும் விசுவாசம் இல்லையா?"

போதகர் வேறு, அடுத்த ஞாயிறு நீங்களே வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று தேதி குறித்துவிட்டார். அதற்குமேல் தாங்காது. குழாயை எடுத்த கையோடு வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது, அவள் அப்புறம் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் சரி என்று முடிவு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

உள்ளே நுழைந்தால், பெஞ்சில் பிலோமினா. பக்கத்தில் மாப்பிள்ளையூரணிப் பெண்கள் நாலு பேர். நேசக்குமார் முகக்கவசத்தைக் கண் வரை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

ஜெபகனி அங்கேயே வந்துவிட்டாள்.

"ஏன் சார் ஒளியுதீங்க? இவங்க எல்லாரையும் உங்க வீட்டம்மாதான் எங்கிட்டச் சொல்லி அனுப்பிவச்சாங்க. இவங்கல்லாம் ஒரே ஜெபத்துல வந்துட்டாங்க. உங்களை இங்கன வரவைக்கத்தான் டீச்சர் இருபது நாள் பட்டினி கிடக்க வேண்டியதாப் போச்சு."