தையல்சிட்டும் என் கம்பளித் தொப்பியும்

இந்த வருஷம் சரணாலயத்தின் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு நம் வீட்டுக்குத்தான் என்று ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய வேண்டியது நடுவர்கள் என்றாள் மனைவி. எதற்கும் ஒரு சட்டம் பேசுவாள்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்தான கார்களைப் படமெடுப்பவன். ஒரு கீறல் என்னிடம் தப்பாது. ஆனால் கார்கள் பறப்பதில்லை. சரணாலயத்தில் ஐந்து வாரம் தையல்சிட்டுக்காகத் தவம் கிடந்து நானூறு படம் எடுத்தேன். நானூறிலும் இலை மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தது.

"அது நம்ம தோட்டத்துக்கே வருதே" என்றாள் மனைவி, துணி பிழிந்துகொண்டே.

"அது வேற குருவியா இருக்கும்."

"எலுமிச்சை இலையைத் தைச்சிட்டிருக்குங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டு இலைகள் பாதி தைத்தபடி. தையல்சிட்டேதான். கண்டுபிடித்தது நான்தான் என்று வைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தோட்டப் பக்கம் யாரும் வரக் கூடாது."

"துணி எங்க காயும்?"

"கலைக்காக ஒரு நாள் ஈரமா இருக்கட்டும்."

ஞாயிறு விடியும்போதே நாற்காலி போட்டு, பச்சைப் போர்வை போர்த்தி, கம்பளித் தொப்பியும் கேமராவுமாக உட்கார்ந்தேன். தூங்கவில்லை. கண்ணை மூடிப் பறவையின் குரலைக் கூர்ந்து கேட்டேன். கண்ணைத் திறந்தபோது வெயில் உச்சியில். தொப்பியில் ஓர் ஓரம் பிரிந்திருந்தது. பழைய நானூறு படங்களில் நல்ல இலையாகப் பார்த்துப் போட்டிக்கு அனுப்பிவைத்தேன்.

பரிசளிப்பு அரங்கில் முதல் பரிசுப் படம் சுவரளவுக்கு மாட்டியிருந்தது. வாய் பிளந்து ஓர் ஆள் தூங்குகிறான். அவன் தலையில் தையல்சிட்டு, தொப்பியிலிருந்து நூலை இழுக்கிறது. கீழே என் மனைவியின் பெயர். சமையலறை ஜன்னலிலிருந்து, கைபேசியில்.

"என்னை எழுப்பியிருக்கலாமே?"

"தோட்டத்துக்கு யாரும் வரக் கூடாதுன்னீங்களே."

தையலைத் தேடிப் போய்த் தையலிடமே தோற்றேன். ஆனாலும் சொல்கிறேன், என்ன படம் அது! இழுத்த நூல் விறைத்து நிற்பது கூடத் தெரிகிறது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்: "எடுத்தது என் மனைவி. தலை என்னுடையது."

பரிசு, சரணாலய விடுதியில் இருவருக்கு மூன்று நாள். அங்கேயே அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"லீவு கிடைச்சாச்சு."

"நல்லதாப் போச்சுங்க. நானும் தங்கச்சியும் கிளம்பறோம். கூட்டுல குஞ்சு பொரிச்சிருக்கு, பூனை வராமப் பாத்துக்க வீட்டுல ஒரு ஆம்பளை வேணாமா?"