இருபத்து நாலா, இருபத்தாறா?

“முதலையை அளக்கறப்ப வாலை விட்டுட்டா அளப்பீங்க, சம்பந்தி?” என்றார் சீனாவின் சிங்டாவ் நகரிலிருந்து முந்தின நாள் வந்திறங்கிய யூ ஷௌலின். “எங்க ஊர்ப் பாலம் இருபத்தாறு மைல். உங்களோடது இருபத்து நாலு. முடிஞ்சுது கதை!”

ஏரிக்கரை ஊரான மேண்டவில்லில், நார்பர்ட் ட்ரோஸ்கிளேரின் தோட்டத்தில், அவர் மகள் எலீஸுக்கும் யூவின் மகன் பெங்குக்கும் நிச்சயதார்த்த விருந்து. செய்தித்தாள் விரித்த மேஜையில் அவித்த இறால் குவிந்து கிடந்தது. பெண்ணைப் பெற்றவரான நார்பர்ட்டுக்குக் காது சிவந்தது.

“வால்தான் தரையில கிடக்குதே! தண்ணிமேல ஒரே நீட்டாப் போறது எங்க ஏரிப் பாலம்தான். நீங்க கரைமேல இருக்கறதையும் கிளை பிரியறதையும் கூட்டிக் கணக்குக் காட்றீங்க!”

யூ இறால்களை வரிசையாக அடுக்கித் தன் பாலத்தைக் காட்டினார். நார்பர்ட் போட்டிக்கு ஒரு பாலம் கட்டினார். இரண்டும் மேஜை தாண்டிப் புல்லில் விழுந்தன. விருந்தாளிகளுக்கு மிஞ்சியது சோளமும் உருளைக்கிழங்கும்தான்.

மணப்பெண் எலீஸுக்குப் பொறுமை போய்விட்டது. “ரெண்டு பேரும் ஒரே வண்டியில நம்ம ஏரிப் பாலத்தைக் கடந்துட்டு ராசியாகித் திரும்பி வாங்க. இல்லன்னா நானும் பெங்கும் கோர்ட்டுல மோதிரம் மாத்திக்கறோம். உங்க ரெண்டு பேருக்கும் அழைப்பே கிடையாது!”

நார்பர்ட் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நடுப்பாலத்தில் எந்தப் பக்கமும் கரை தெரியாது என்பதாலேயே அவர் ஒருநாளும் அதைக் கடந்ததில்லை. அக்கரையிலிருக்கும் நியூ ஆர்லியன்ஸ் போவதென்றால் ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பிறகு இதை வெளியே சொன்னால் மானம் கப்பலேறிவிடும்.

“மழை வர்ற மாதிரி இருக்கே.”

“அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம்,” என்றார் யூ பெருந்தன்மையாக.

“ஒரு பொட்டு மேகம் இல்ல,” என்றாள் எலீஸ்.

“என் வண்டியில பிரேக் சரியில்லம்மா.”

“ஐயையோ, அப்ப வேண்டவே வேண்டாம் சம்பந்தி!” என்று பதறினார் யூ.

“என் வண்டியை எடுத்துக்குங்க,” என்று சாவியைத் திணித்தாள் எலீஸ். அவள் வண்டிக்குக் கூரையே கிடையாது.

முதல் சில மைல்கள் வீராப்பாகவே போயின. பிறகு கரை மறைந்தது. எங்கு பார்த்தாலும் தண்ணீர். நார்பர்ட்டின் கைகள் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் யூ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “காத்து சுகமா இருக்கு, அனுபவிக்கறேன்,” என்றார். கொடுத்து வைத்த மனுஷன் என்று நார்பர்ட்டுக்குப் பொறாமையாக இருந்தது.

வண்டி ஒதுங்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். “எஞ்சின் சூடாயிடுச்சு.”

“நல்லா ஆறட்டும். அவசரமே இல்ல,” என்றார் யூ, கண்ணைத் திறக்காமலே.

பின்னாலேயே ரோந்து வண்டி வந்து நின்றது. இறங்கி வந்த போலீஸ்காரப் பெண்ணிடம் நார்பர்ட் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தார். “தாயே, பயத்துல கை கால் ஓடல. நீங்களே கொஞ்சம் ஓட்டிக் கரை சேத்துடுங்க. சம்பந்திக்கு மட்டும் தெரிய வேண்டாம். என் பொண்ணு கல்யாணம் இதுல இருக்கு.”

அவள் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இவரா சம்பந்தி? நேத்து ஏர்போர்ட்லேர்ந்து இந்தப் பாலத்துல வந்தப்ப இவரு வண்டியையும் நான்தான் ஓட்டிக் கரை சேத்தேன். சீட்டுக்கு அடியிலதான் படுத்துட்டு வந்தாரு!”