தண்ணீர் மாதிரி ஒரு பாட்டில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் அக்கா என்னைவிடச் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் போன கடிதத்தில் எழுதியபடியே இருக்கிறது. இந்தக் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரிக்காதே. பிரித்துவிட்டாய் என்றால் சத்தம் போடாமல் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படி. உன் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். இன்னும் சொல்லப்போனால், உன் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரி சம்பந்தப்பட்ட விஷயம்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அலமாரியில் பதினேழு என்று எண் ஒட்டிய பாட்டில் ஒன்று இருக்கும். எங்கள் ஊர்க் குடிதண்ணீர் என்று அதன்மேல் எழுதியிருக்கும். அது எங்கள் ஊர்க் குடிதண்ணீர் இல்லை. பால் வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தோடு வேறொரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். இதை அங்கே வைத்துவிட்டு அதை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான், சுருக்கமாக முடித்துவிட்டேன். இனி விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் தண்ணீர்த் திட்டம் உனக்குத் தெரியாதது இல்லை. சரிவில் மூன்று பாறைகளுக்கு நடுவே ஓர் ஊற்று, அதன் கீழே ஒரு தொட்டி, மேட்டு வீடுகளுக்கு ஏற்றுவதற்கு ஒரு மோட்டார், கொஞ்சம் குழாய். ஒன்பது வருஷத்துக்கு முன் ஊர்க்காரர்களே தோண்டி, தூக்கி, பதித்தது. நடத்துவதற்கு ஒரு குழு. தலைவர் தையல்காரர், ஏனென்றால் கூட்டம் போட அவர் கடையில்தான் பெஞ்சு இருக்கிறது. மோட்டாரைப் பார்த்துக்கொள்பவருக்கு மோட்டார் என்றே பெயர். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே அவர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரியும். செயலாளர் நான். முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு எழுதப் படிக்க வரும் என்று இவர்கள் நம்புகிறார்கள்.

நாற்பது வீட்டுக்கு மேல் தண்ணீர் விடுகிறவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகம் உத்தரவு போட்டது அல்லவா, நாங்கள் நாற்பத்து மூன்று வீடு. மூன்று வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் என்ன என்று தையல்காரர் கூட்டத்தில் கேட்டார். எந்த மூன்று வீடு என்று பேச்சு வந்ததும் பெஞ்சு ஆடிப்போய்க் கூட்டம் கலைந்தது. அதற்கு மறுநாள்தான் உங்கள் அதிகாரியம்மா நேரிலேயே வந்துவிட்டார். கெடுபிடி எதுவும் இல்லை. தொட்டியில் ஏறிப் பார்த்தார், மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், குழாயில் முகம் கழுவினார், இரண்டு டம்ளர் குடித்தார், தன் பாட்டிலிலும் பிடித்துக்கொண்டார். பிடித்து மணி எத்தனை என்று கேட்டு, பாட்டில் மேல் ஏதோ எழுதிக்கொண்டார். அலுவலகத்தில் பாட்டில் மாறிவிடக் கூடாதே என்று பெயர் எழுதுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அமைதியாக ஒன்று சொன்னார். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் விண்ணப்பமும் தண்ணீர் மாதிரியும் வராவிட்டால் தொட்டிக்குச் சீல் வைக்க வேண்டியிருக்கும். பொய்யான மாதிரி கொடுத்தால் விண்ணப்பம் தள்ளுபடி, இரண்டு வருஷத்துக்கு மறுபடி போட முடியாது.

விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். பெரிய நகரத்துக்குத் தைத்த சட்டையை எங்கள் ஊருக்குப் போட்டுவிட்டது போல இருந்தது. தலைமைப் பொறியாளர் பெயர் என்று ஒரு கட்டம். மோட்டார் என்று எழுதினேன். அவருடைய பிற பொறுப்புகள் என்று அடுத்த கட்டம். சைக்கிள் பஞ்சர் ஒட்டுதல் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. ஆனால் படிக்கப் படிக்க என் கை சும்மா இருக்கவில்லை, மாப்பிள்ளை. 'சுத்திகறிப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். கறி எங்கே வந்தது இதில்? 'குழாய்' என்பதில் கால் வாங்கவே இல்லை, 'குழய்' என்று நிற்கிறது. பழக்க தோஷத்தில் சிவப்பு மையை எடுத்துவிட்டேன். இருபத்தேழு பிழை. உங்கள் அலுவலக ஜன்னலில் இருந்த குமாஸ்தா ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளிவிட்டார்.

"அடித்தல் திருத்தல் இருந்தா வாங்க மாட்டோம் சார். முதல் பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க."

"திருத்தல் என் பதில்ல இல்லீங்க. உங்க கேள்வியிலதான் இருக்கு."

"கேள்வியைத் திருத்தச் சொல்லி யார் சார் உங்களைக் கேட்டது?"

வேறு படிவம் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, சுத்திகறிப்பை அப்படியே விட்டுவிட்டு நிரப்பினேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தது புகார்ப் பதிவேடு. ஒன்பது வருஷத்தில் யாரும் எழுத்தில் புகார் கொடுத்ததில்லை. ஏதாவது இருந்தால் வாசலில் நின்று கத்துவார்கள், நாங்களும் கத்துவோம், தீர்ந்துவிடும். வெறும் நோட்டைக் கொடுத்தால் புதிதாக வாங்கியது என்று தெரிந்துவிடும் என்பதால் வீடு வீடாகப் போய், தயவுசெய்து ஒரு புகார் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். எல்லோருக்கும் என்மேல் இரக்கம் வந்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தையல்காரர் ஒருவர்தான் மனப்பூர்வமாக எழுதினார். அதிகாரியம்மா சொல்லிவிட்டுப் போன குளோரினை மோட்டார் ஒரு மாதத்துக்கானதை ஒரே நாளில் போட்டுவிட, இவர் நனைத்து வைத்திருந்த கருநீலத் துணி பதினாறு மீட்டரும் வானம் வெளுத்த நிறத்துக்கு வந்துவிட்டது. தலைவரே தன் குழுமேல் புகார். சரி, ஒன்றாவது தேறியதே என்று நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அக்கா நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் என்னைப் பற்றி. கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதை எழுதுவதில்லை, எழுதுவது யாருக்கும் புரிவதில்லை. வரிசை எண், தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்தைக் கிழித்தால் எண் தவறும். அப்படியே கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது தண்ணீர் மாதிரி ஒன்றுதான். முழங்காலோடு சரிவில் இறங்க முடியாதே என்று மோட்டாருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன். காலையில் சொன்ன நேரத்துக்கு மோட்டார் பாட்டிலோடு வந்து நின்றார். கண்ணாடி போல இருந்தது. பஸ் ஏறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அன்றைக்குப் பார்த்து நீ பல் பிடுங்க லீவு போட்டிருந்தாய். நீ மட்டும் அந்தப் பல்லை ஒரு நாள் பொறுத்திருந்தால் இவ்வளவும் எழுத வேண்டியிருந்திருக்காது. அதிகாரியம்மாவே பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தார்.

"இது மூணு பாறைக்கு நடுவுல ஊறுறதும்மா. எங்க ஊர் மண்ணோட ருசி இதுல இருக்கு," என்றேன்.

"மண்ணே தெரியலையே," என்றார்.

"அவ்வளவு சுத்தம்மா."

அவர் லேசாகச் சிரித்தார். பெருமையில் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

நேற்றுக் காலை மோட்டார் வீட்டு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அந்த பாட்டில் எப்போ திரும்பி வரும்?"

"எந்த பாட்டில்?"

"அதான், ஆபீஸ்ல குடுத்தீங்களே. பேட்டரி கடைக்காரர் தினம் கேக்கறார். அந்த சைஸ்ல அவர்கிட்ட அது ஒண்ணுதான் இருக்காம்."

"நம்ம ஊத்துத் தண்ணிக்கும் பேட்டரி கடைக்காரருக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"ஊத்துத் தண்ணி இல்லண்ணே. அது பேட்டரிக்கு ஊத்தற தண்ணி."

யார் அதைக் கொண்டுவரச் சொன்னது என்று கேட்டேன். மோட்டார் சட்டைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்து என்னிடமே நீட்டினார். 'நாளைக் காலை எட்டு மணிக்குள் தண்ணீர் மாதிரி ஒரு பாட்டில் வேண்டும். தெளிவாக இருக்கட்டும். வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நேரில் கொண்டுவரவும்.'

"நீங்களே படிச்சுப் பாருங்க. தண்ணி வேணும்னா எழுதியிருக்கீங்க? தண்ணி மாதிரி வேணும்னு எழுதியிருக்கீங்க. தண்ணியே குடுக்கறதா இருந்தா மாதிரின்னு எதுக்குப் போடணும்? அண்ணன் நாலும் தெரிஞ்சவரு, ஏதோ வழி பண்றாருன்னு நினைச்சேன். யார்கிட்டயும் குடுத்தனுப்பாதேன்னு வேற போட்டிருக்கீங்க."

"அதுக்காக பேட்டரி தண்ணியா?"

"மண்ணெண்ணெய்கூடப் பார்த்தேண்ணே. அதுவும் தண்ணி மாதிரிதான் இருக்கு. வாசனை காட்டிக்குடுத்துடும்னு விட்டுட்டேன்."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை. முதலில் சீட்டை வாங்கிப் படித்தேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பிழையெல்லாம் திருத்தினேன். நானே எழுதிய மூன்று வரியில் பிழையே இல்லாமல் இப்படி ஒரு பிழை செய்திருக்கிறேன். உள்ளே இருந்து உன் அக்கா, "நான் நோட்டுல எழுதினது மூணாவது பக்கம், அஞ்சாவது புகார்," என்று மட்டும் சொன்னாள்.

இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் ஒருநாள் இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தக் குழாய் வருவதற்கு முன் உன் அக்கா ஆற்றிலிருந்து அந்தச் சரிவில் தினமும் ஆறு நடை குடம் சுமந்தாள். நீ அப்போது வேலை தேடி வெளியூரில் இருந்தாய், பார்த்ததில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து கால் வாங்கவில்லை, கொம்பு போடவில்லை என்று தேடிக்கொண்டிருந்த நானும் சரியாகப் பார்த்ததில்லை. குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அதைப் பார்த்தேன். என் ஒரு சீட்டினால் தொட்டிக்குச் சீல் விழுந்து, அவள் மறுபடி குடத்தை எடுத்தால் எனக்குத் தாங்காது. அதனால்தான் வெட்கத்தை விட்டு உன்னிடம் கேட்கிறேன். உனக்கு இது தர்மசங்கடம் என்று தெரியும். புதிய பாட்டிலில் இருப்பது நிஜத் தண்ணீர். முழங்கால் போனால் போகிறது என்று நானே இறங்கி, என் கையால் பிடித்தது. கூடவே மோட்டார் வந்தார். வழியெல்லாம், "இது தண்ணிதானேண்ணே, மாதிரி இல்லையே," என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், எழுத்தைப் பார்த்து எழுதட்டும், எழுதிய பிறகு ஒருமுறை அடுத்தவர் கண்ணோடு படித்துப் பார்க்கட்டும். பல் பிடுங்கிய இடம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அத்தான்,
செயலாளர் (முப்பதாம் தேதி வரையிலாவது).

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்துவிட்டார். மேலே எழுதியது எதையும் செய்யாதே. லைசென்ஸ் வந்துவிட்டது. அதன் அடியில் அதிகாரியம்மா கையாலேயே எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்: 'தண்ணீர் மாதிரி கிடைத்தது. தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. ஆகவே அன்று உங்கள் குழாயில் நானே நேரம் குறித்துப் பிடித்துவந்ததைச் சோதனைக்கு அனுப்பினேன். நல்ல தண்ணீர், தேறிவிட்டது. குளோரினை அளவோடு போடவும். தலைவரின் துணி பற்றிப் பதிவேட்டில் படித்தேன். உங்கள் மனைவியாரின் புகார்கள் இந்த அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆனால் நியாயமானவை.' அந்தக் கடைசி வரியை உன் அக்கா கண்ணாடி போட்டு மாட்டச் சொல்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன், அவன் படிக்கட்டும் என்கிறாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதினேழாம் எண் பாட்டிலை எல்லோரும் பார்க்கவே எடுத்து, கழுவி, பால் வண்டியில் அனுப்பிவிடு, பேட்டரி கடைக்காரர் காத்திருக்கிறார். இன்னொன்று. லைசென்ஸோடு வந்த தாளில் இருக்கிறது, வரும் வியாழக்கிழமை அதிகாரியம்மா பன்னிரண்டு ஊர்க் குழுக்களை இங்கே கூட்டி வருகிறாராம், எங்கள் ஊரை மாதிரித் திட்டமாக அறிவித்திருக்கிறாராம். சந்தோஷத்தில் மோட்டாரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்போ நிஜத் திட்டத்தை எங்கண்ணே ஒளிச்சு வைக்கறது?" என்றார்.